சோதிக்காமல் போட்ட சரி

பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை அனுப்பப்போவதாக நீ சொன்ன மறுப்புக் கடிதத்தை அனுப்பாதே. முதலில் இதை வாசி. வாசித்து முடித்த பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்று தோன்றினால் அனுப்பு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதில் நீ எழுதியிருக்கும் காரணம் பிழை. அந்தக் காரணத்தை உன் தலையில் கட்டிவிட்டவன் நான்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அல்லது சனிக்கிழமை நீ கொழும்பிலிருந்து வந்து இறங்கும்போது உன் பையை வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, செஸ் நிரல் எழுதுகிறவர்கள் கூடும் இந்த இணையப் பக்கத்தில், ஊர் உலகம் பார்க்க ஏன் எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். நான் முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவன். எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பிழை வந்தால் மூன்றாம் பக்கத்திலேயே திருத்தம் வரவேண்டும். மரண அறிவித்தல்களுக்கு இடையில் ஒரு மூலையில் போட்டு மறைக்கக்கூடாது. நீ உன் மன்னிப்பை எழுதியது இந்தப் பக்கத்தில். ஆகவே நான் எழுதவேண்டியதும் இங்கேதான். புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பன் செய்கிற வேலையா இது என்றும் கேட்காதே. பத்து நாள்தான் இருக்கிறது என்பதால்தான் செய்கிறேன்.

நீ கம்பஸில் படித்துக்கொண்டிருந்தபோது சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின், அதாவது கணினியில் தானே செஸ் விளையாடும் நிரல், எழுதத் தொடங்கினாய். முதல் மாதம் அது விளையாடிய விளையாட்டைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். வேறு வழி தெரியாமல் யானையை ஒரே வரிசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருக்கும். தேத்தண்ணியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்ன உது, அரியாலைக் கடல் நண்டு மாதிரிப் பக்கவாட்டிலையே போகுது" என்றாள். அன்றைக்கே அதற்கு நண்டு என்று பெயராகிவிட்டது. பிறகு எத்தனையோ திருத்தங்கள் செய்து அது நேராக நடக்கப் பழகியது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரு பின்னேரம் நீ வந்து கேட்டாய். "அப்பா, இது கணக்கெல்லாம் வடிவாப் போடுது. ஆனா தொடக்கத்திலை மட்டும் மொக்கு வேலை பாக்குது. நீங்கள் ஒரு புத்தகம் செய்து தருவியளோ?" நீ கேட்டது வாசிக்கிற புத்தகம் அல்ல. பலகை நிறையக் காய்கள் இருக்கும்போது எங்கே போவது என்று தெரியாமல் இப்படிப்பட்ட நிரல்கள் தடுமாறும். அதனால் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளை ஒரு மனிதர் தெரிவுசெய்து கோப்பாக்கிக் கொடுப்பார். புத்தகம் இருக்கும்வரை நிரல் யோசிக்காது, சொன்னதைச் செய்யும். புத்தகம் முடிந்த இடத்தில் கண்ணைத் திறந்து சொந்தமாக யோசிக்கத் தொடங்கும். நான் வட்டுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே தொடக்க நகர்வுகளைக் கொப்பிகளில் எழுதி வைத்தவன். அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. அந்தக் கொப்பிகளுக்கு ஒரு பிரயோசனம் இருக்கும் என்று வீட்டில் எவரும் நினைத்ததில்லை. நீ கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. "பாப்பம்" என்றேன். நீ அந்தப் பக்கம் போனதும் அலுமாரியைத் திறந்து கொப்பிகளைத் தூசி தட்டினேன்.

முதல் சண்டை உனக்கு நினைவிருக்கும். எனக்குப் பிடித்தவை, ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாய்ந்து தாக்குகிற ஆட்டங்கள். அவற்றையே புத்தகத்தில் நிரப்பினேன். புத்தகம் முடிந்ததும் நண்டு தாக்குதலை மறந்துவிட்டு, கொடுத்த சிப்பாயைத் திரும்ப எடுக்கக் கிளம்பிவிடும். எல்லாம் குழம்பும். "உன்ரை நண்டுக்கு ரசனை இல்லை" என்றேன். நீ என்னைக் கதிரையில் இருத்திச் சொன்னாய். "அப்பா, அது உங்கடை ஆள் இல்லை. அதுக்குக் காய்கள் நெருக்கமா இருந்தாத்தான் பிடிக்கும். அதுக்குப் பிடிச்ச இடத்திலை கொண்டுபோய் விடுங்கோ. உங்களுக்குப் பிடிச்ச இடத்திலை இல்லை." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் நண்டைக் கவனிக்கத் தொடங்கினேன். எந்த நிலையில் அது தடுமாறாமல் நிற்கிறது, எங்கே பயந்துபோய்ப் பின்வாங்குகிறது என்றெல்லாம் குறித்து வைத்தேன். இருபத்துநான்கு வயதுப் பெண்ணிடமிருந்து நான் படித்த பாடம் அது. உன்னை வளர்த்த விதத்தைப் பற்றியும் அந்த நாட்களில் கொஞ்சம் யோசித்தேன். அதை இங்கே விரிக்கவில்லை.

பிறகு நீ சட்டம் ஒன்று போட்டாய். நான் சேர்க்கும் ஒவ்வொரு நகர்வு வரிசையையும் நண்டு ஐம்பது ஆட்டம் விளையாடிப் பார்க்கவேண்டும். தேறினால் கொப்பியில் அதற்கு நேரே சிவப்புப் பேனையால் நான் ஒரு சரி போடவேண்டும். சரி போட்டவை மட்டும் கோப்புக்குள் போகும். "நீங்கள் சரி போட்டதை நான் திரும்பிப் பாக்கமாட்டன். நான் எழுதின நிரலுக்குள்ளை நீங்கள் கை வைக்கக்கூடாது. ஆனா தோத்தா, ரெண்டு பேரும் சேந்து இருந்து பிழை பாக்கோணும்" என்றாய். அச்சகத்தில் நான் சரி போட்ட தாளை எவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அது நேரே எந்திரத்துக்குப் போகும். ஆகவே ஒரு சரிக்கு என்ன நிறை என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது.

இரண்டு வருடம் நாம் அப்படி வேலை செய்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல இரண்டு வருடங்கள் குறைவு. "வீட்டிலை ஒரு நண்டு இருக்கு, சட்டிக்குள்ளை போடத்தான் ஏலாது" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிட்டாள். நீ அந்தக் காலத்தில்தான் ராசாவைப் பாதுகாக்கிற பகுதியை உன் சொந்த யோசனையில் எழுதினாய். எதிரியின் எத்தனை காய்கள் ராசாவைப் பார்க்கின்றன என்று எண்ணுவதோடு நிற்காமல், அவை வந்துசேர எத்தனை நகர்வு எடுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் வழி. எனக்கு அது முழுவதும் விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நண்டு பயப்படுவது குறைந்தது. அதை நானே கொப்பியில் குறித்திருக்கிறேன்.

பிறகு அந்தப் போட்டி வந்தது. பல நாட்டு நிரல்கள் இணையத்தில் மோதுகிற போட்டி. பங்குபற்றுவோர் பட்டியலைத் திறந்து காட்டினாய். நண்டு என்று இருந்தது. பக்கத்தில் உன் பெயர் இருந்தது. அவ்வளவுதான். புத்தகம் செய்பவரின் பெயரை எந்தப் போட்டியும் பெரிதாகப் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ என் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதியதும், அதற்கு அவர்கள் இடமில்லை என்றதும் தெரியும். இருந்தும் மனது கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைத் திருத்திவிட்டுப் பெயர் இல்லாமல் வீட்டுக்கு வந்தவன் நான். மகள் மீது பொறாமை என்று சொல்ல வாய் கூசுகிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பொறாமைதான்.

என்னிடம் ஒரு வரிசை இருந்தது. பன்னிரண்டாவது நகர்வில் குதிரையைத் தூக்கிக் கொடுக்கிற வரிசை. அச்சகத்துச் சாப்பாட்டு நேரத்தில் நானே கண்டுபிடித்தது. எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. கடைசிச் சுற்றில் அதை நண்டு விளையாடினால் உலகம் பார்க்கும், இது யார் கண்டுபிடிப்பு என்று கேட்கும் என்று ஆசைப்பட்டேன். அவை மின்வெட்டு நாட்கள். எரிபொருள் வரிசையும், நாளுக்குப் பாதிக்கு மேல் இருட்டும். ஐம்பது ஆட்டம் சோதிக்கக் கரண்ட் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அன்றைக்கும் நாலு மணித்தியாலம் கரண்ட் இருந்தது. பத்து ஆட்டமாவது விளையாடிப் பார்த்திருக்கலாம். சோதித்தால் தோற்றுவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் சோதிக்கவில்லை. நண்டுக்குப் பிடிக்காத இடம் அது. எனக்குப் பிடித்த இடம். கொப்பியை எடுத்தேன், சரி போட்டேன், கோப்பை உன்னிடம் தந்தேன்.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்கவில்லை. அப்போது உன் சிநேகிதனாக மட்டும் இருந்த யூட், குருநகரிலிருந்து தகப்பனின் வள்ளத்துப் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இணையத்துக்குக் கரண்ட் கொடுத்தான். நாலு பேரும் திரைக்கு முன்னால் இருந்தோம். சமன் செய்தால்கூட முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடலாம். பன்னிரண்டாவது நகர்வில் குதிரை பாய்ந்தது. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டு எழுதத் தொடங்கினார்கள். அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு பூரித்துப்போய் இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அத்தோடு புத்தகம் முடிந்தது. நண்டு கண்ணைத் திறந்தது. ஒரு குதிரை குறைவாக, தனக்குத் தெரியாத இடத்தில் நின்றது. வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு காயைப் பின்னுக்கு இழுத்தது. பிறகு இன்னொன்றை. இருபது நகர்வில் ராசா நடுத்தெருவில் அகப்பட்டது.

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய். "அப்பா, உந்த வரிசை சோதிச்சதுதானே?"

"ஓம்" என்றேன்.

நீ தலையாட்டினாய். திரும்பிக் கேட்கவில்லை. கொப்பியைக்கூடப் பார்க்கவில்லை, அதுதானே நமது சட்டம். "அப்ப என்ரை ராசாப் பாதுகாப்பிலைதான் எங்கையோ பிழை" என்றாய். அடுத்த நாள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் எழுதினாய். நண்டை நம்பி உற்சாகப்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டாய். அப்பா செய்த புத்தகத்தில் பிழை எதுவும் இல்லை, பிழை முழுவதும் என் நிரலில்தான் என்று எழுதினாய். அதில் என் பெயரை முழுதாகப் போட்டிருந்தாய். நான் ஆசைப்பட்டபடி என் பெயர் உலகத்துக்கு முன்னால் வந்தது, ஒரு பொய்யான வசனத்தில். நான் அதை நாலைந்து முறை வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

நீ மாதக்கணக்காக இல்லாத பிழையைத் தேடினாய். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்வு நகர்வாகப் பார்த்தாய். இரண்டு பேரும் சேர்ந்திருந்து பிழை பார்க்கவேண்டும் என்ற உன் சட்டப்படி என்னையும் பக்கத்தில் இருத்தினாய். நானும் இருந்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உன்னோடு சேர்ந்து தேடுகிறவன் போல இருந்தேன். ஒருநாள் நீ அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுச் சாதாரணமான ஒன்றை எழுதினாய். நண்டு பழையபடி பயந்துகொண்டது. பிறகு நீ கொழும்பில் கடைகளுக்கு இணையத்தளம் செய்கிற வேலைக்குப் போனாய். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது நண்டைப் பற்றி நீ கதைப்பதை நிறுத்திவிட்டாய். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது என் மூக்குக் கண்ணாடி நொறுங்கியது நினைவிருக்கிறதா? கதிரையில் அதை வைத்தவனும் நான், அதன் மேல் இருந்தவனும் நான். அம்மா குசினியிலிருந்து "ஆர் உதைக் கதிரையிலை வைச்சது?" என்று சத்தம் போட்டபோது, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த நீ "நானாத்தான் இருக்கும்" என்றாய். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பழியை முதலில் தன்னிடம் தேடுகிற பிள்ளை என்று உன்னை ஊரெல்லாம் புகழ்ந்தோம். அது நல்ல குணம் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அந்தக் குணம் பக்கத்தில் இருக்கிற மற்றவனுக்கு எவ்வளவு வசதி என்பதை நான் இரண்டு தடவை அனுபவித்தேன். யூட் நல்ல பெடியன், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சொல்கிறேன். குடும்பம் நடத்தும்போது ஏதாவது பிழைத்தால் உடனே உன் பக்கத்து வேலையைப் பிரித்துப் போட்டுத் தேடாதே. அவன் பக்கத்துக் கொப்பியையும் திறந்து பார். அவன் கோபித்தாலும் பார். நம்பிக்கை என்றால் திரும்பிப் பார்க்காமல் விடுவது என்று நாம் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் வைத்திருந்தோம். அந்தச் சட்டம் நல்லதுதான், சரி போடுகிறவன் நல்லவனாக இருக்கும்வரை.

போன வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னாய். வெளிநாட்டில் பெரிய எஞ்சின் ஒன்று செய்கிறவர்கள் உன் பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, தங்களோடு சேர்ந்து வேலை செய்ய வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே செய்யலாம், அவர்களுக்கு வேண்டியது ராசாப் பாதுகாப்புத்தான் என்று. நீ சிரித்தாய். "வேண்டாமெண்டு எழுதப்போறன் அப்பா. நான் எழுதினது பிழைச்சதை எல்லாரும் பாத்தவை. தெரியாத வேலையைத் தெரியும் எண்டு சொல்லி ஆக்களை ஏமாத்தக்கூடாது. ஞாயிறு அனுப்பிப்போட்டுக் கல்யாண வேலையைப் பாப்பம்." அந்தச் சிரிப்பு என்னை அடித்துப் போட்டது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். "சரி பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அடுத்த நாள் காலை மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பென் டிரைவை எடுத்தேன். நீ சோதிக்கத் தந்த ஒவ்வொரு நண்டும் அதில் இருக்கிறது. அந்த வரிசையைப் பழைய நண்டுக்குக் கொடுத்து ஐம்பது ஆட்டம் விளையாட விட்டேன். ஏறக்குறைய எல்லாம் தோல்வி. உன் பகுதியை நீ வெட்டி எறிந்த பிறகு வந்த நண்டுக்கும் கொடுத்தேன். அதற்கும் அதே கதி. அந்த இடத்தில் எந்த நண்டாலும் நிற்கமுடியாது பிள்ளை, குதிரையைக் கொடுத்தவன் கொடுத்த கொடை அப்படி. பிறகு, ஒழுங்காகச் சோதித்துச் சரி போட்ட மற்ற வரிசைகளில் இரண்டு நண்டுகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டேன். பழைய நண்டு புதியதைத் துரத்தித் துரத்தி அடித்தது. நீ வெட்டி எறிந்தது நண்டின் மிக நல்ல பகுதி. மூன்று நாள் ஓடிய சோதனை. ஆட்டங்கள் எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். இந்தமுறை என் சரியை நம்பாதே. நீயே விளையாட விட்டுப் பார்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளை தலை குனிஞ்சு இருந்ததை நானும் பாத்தனான், நீங்களும் பாத்தனியள். நான் காரணம் தெரியாமல் பாத்தனான்" என்றாள். பிறகு, "என்னட்டைச் சொல்லி என்ன? எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு மீனின் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இதை எழுதி முடித்தாலாவது கதைப்பாளோ தெரியாது.

மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். ஆனால் நீ கேட்ட மாத்திரத்தில் மன்னிக்கிறவள், அதனால் அவசரப்பட்டுக் கேட்கமாட்டேன். கொஞ்ச நாள் என்னோடு கோபமாக இரு. சனிக்கிழமை என்னோடு கதைக்காமல் நேரே உன் அறைக்குள் போ. குருநகர்த் தேவாலயத்தில் உன் கையைப் பிடித்து நடத்திப் போகவேண்டியவன் நான். அதற்கு மனம் இல்லையென்றால் அம்மாவின் கையைப் பிடித்து நட, நான் பின்னால் வருகிறேன். எனக்கு அழுகை வரும், அது என் பாடு. ஆனால் அவர்களுக்கு எழுதும் பதிலை மட்டும் மாற்று. வேண்டாம் என்று எழுதுவதாயிருந்தாலும், உனக்கு வேண்டாம் என்பதற்காக எழுது. உனக்குத் தெரியாது என்பதற்காக எழுதாதே. உனக்குத் தெரியும். எனக்குத்தான் முதலிலிருந்தே அது தெரியுமே.

கொப்பியைத் திறந்து அந்தச் சரியை இன்று வெட்டிவிட்டேன். இனி அச்சகத்தில் எழுதிப் பழகிய விதத்திலேயே இதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாசிக்கும் எல்லோருக்கும்:

பிழை திருத்தம். நண்டு தோற்ற கடைசிச் சுற்றைப் பற்றி என் மகள் இங்கே எழுதிய குறிப்பில், "புத்தகத்தில் பிழை எதுவும் இல்லை, பிழை முழுவதும் என் நிரலில்தான்" என்று இருப்பதை, "நிரலில் பிழை எதுவும் இல்லை, பிழை முழுவதும் அப்பாவின் புத்தகத்தில்தான்" எனத் திருத்தி வாசிக்கவும்.